ஓடிடிஆர் திரையில் குறை இல்லை, பவர் மீட்டரில் 3 டெசிபெல் கூடுதல்: இழப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

குற்றாலச்சாரல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஒளியிழைக் கேபிள் பதித்து, இணைத்து, அளந்து ஒப்படைக்கும் சிறிய ஒப்பந்தக் குழு ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இழைகளை உருக்கி இணைப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அளவிடும் கருவிகளில் அந்த அளவுக்குத் தேர்ச்சி இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடையே சாலையோரமாக 24 இழைகள் கொண்ட கேபிள் ஒன்றைப் பதித்து முடித்திருக்கிறோம். இழை ஜி.652.டி என்ற வழக்கமான வகையைச் சேர்ந்தது. மொத்த நீளம் 18.4 கிலோமீட்டர். 2 கிலோமீட்டர் டிரம்களாக வந்ததால் வழியில் இழைகளை உருக்கி இணைத்த 9 ஜாயின்ட்கள் உள்ளன. இவை தவிர, இரு முனைகளிலும் விநியோகப் பெட்டிக்குள் பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள குட்டை இழை) இணைப்புகள் உண்டு. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒவ்வொரு இழையின் மொத்த இழப்பும் 6 டெசிபெல்லுக்குள் இருந்தால்தான் ஒப்படைப்பை ஏற்றுக்கொள்வார்கள்.

21 இழைகள் பவர் மீட்டரில் 5 டெசிபெல்லை ஒட்டியே வந்தன. மூன்று இழைகள் மட்டும் வரவில்லை. அவற்றில் மோசமானது நீலக் குழாயின் ஐந்தாம் இழை, அதாவது சாம்பல் நிறம், அது 8.3 டெசிபெல் காட்டுகிறது. அதே இழையைத் தென்காசி முனையிலிருந்து ஓடிடிஆரில் (இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளக்கும் கருவி) 1 மைக்ரோநொடி பல்ஸ், அதாவது ஒளித்துடிப்பு, வைத்துப் பார்த்தால், கோடு அழகாகச் சரிந்து இறங்குகிறது, மொத்தம் 4.1 டெசிபெல்தான் இழப்பு என்கிறது கருவி. தொடக்கத்தில் சுமார் 280 மீட்டர் வரை ஒரு பெரிய மேடு இருக்கிறது. அது எல்லா இழைகளிலும் இருப்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கருவிக்கும் இழைக்கும் நடுவே மாட்டும் நீண்ட லாஞ்ச் கேபிள் எங்களிடம் இல்லை. கருவியின் சிறிய பேட்ச் கார்டையே (இரு முனைகளிலும் கனெக்டர் உள்ள குட்டை இழை) நேரடியாக மாட்டினேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 6.1 கிலோமீட்டரில் உள்ள ஜாயின்ட்டில் கோடு கீழே இறங்குவதற்குப் பதிலாக 0.08 டெசிபெல் மேலே ஏறுகிறது. ஜாயின்ட் ஒளியைக் கூட்டித் தருமா என்று எங்கள் மேற்பார்வையாளர் கேலியாகக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. எல்லா ஜாயின்ட்களையும் திறந்து மீண்டும் இணைக்கச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். வழி சொல்லுங்கள்.

கரிசல்மண்:

ஓடிடிஆரைப் பற்றிப் பேசும் முன் பவர் மீட்டரின் ரெஃபரன்ஸை எப்படி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒளிமூலத்தையும் மீட்டரையும் ஒரே பேட்ச் கார்டால் இணைத்துப் பூஜ்யம் வைத்த பிறகு, மூலத்தின் பக்கம் இருக்கும் கனெக்டரை வேலை முடியும் வரை கழற்றவே கூடாது. ஒருமுறை கழற்றி மாட்டினாலும் அந்த ரெஃபரன்ஸ் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். 1310 நானோமீட்டரில் ரெஃபரன்ஸ் வைத்துவிட்டு 1550-இல் அளந்து, கேபிள் கெட்டுவிட்டது என்று அடித்துச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குற்றாலச்சாரல்:

மூலத்தின் பக்கத்தைக் கழற்றவில்லை ஐயா. அதே ரெஃபரன்ஸில்தான் மற்ற 21 இழைகளும் 5 டெசிபெல் காட்டின. ஐந்தாம் இழையை மட்டும் மறுநாள் புதிய ரெஃபரன்ஸ் வைத்தும் அளந்தேன், 8.3 என்பது மாறவில்லை.

நொய்யல்:

அப்படியானால் பவர் மீட்டரை நம்பலாம். ஓடிடிஆரும் தவறாகச் சொல்லவில்லை. நீங்கள் பொருட்படுத்தாமல் விட்ட அந்த 280 மீட்டர் மேட்டுக்குள்தான் உங்கள் இழப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு. ஏன் என்று சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பவர் மீட்டர் ஒரு முனையில் போன ஒளியில் மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று மட்டுமே பார்க்கிறது. இழப்பு எங்கே என்று அதற்குத் தெரியாது. ஆனால் எந்த இழப்பும் அதன் கணக்கிலிருந்து தப்பாது. ஓடிடிஆர் மறுமுனைக்குப் போவதே இல்லை. அது ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டு, ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, திரும்பி வரும் ஒளியைக் காலவாரியாக அளக்கிறது. 1976-இல் பார்னோஸ்கி, ஜென்சன் என்ற இருவர் இந்த முறையை வெளியிட்டார்கள். இன்றைய கையடக்கக் கருவியும் அடிப்படையில் அதையேதான் செய்கிறது.

திரும்பி வரும் ஒளி இரண்டு வகை. கண்ணாடியின் அடர்த்தியில் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு பின்னோக்கி வருவது ராலே சிதறல். வானத்தை நீலமாகக் காட்டுவதும் இதே சிதறல்தான். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் இடத்தில், அதாவது கனெக்டரிலோ வெட்டுப்பட்ட முனையிலோ, கண்ணாடியில் முகம் தெரிவதுபோல் திரும்புவது ஃபிரெனெல் எதிரொளிப்பு. சரிந்து இறங்கும் கோட்டை வரைவது முதலாவது. அதன்மேல் ஊசிபோல் எழுவது இரண்டாவது.

சிக்கல் இவை இரண்டின் அளவு வேறுபாட்டில் இருக்கிறது. 1 மைக்ரோநொடி பல்ஸுக்குத் திரும்பி வரும் சிதறல், அனுப்பிய ஒளியைவிட ஏறத்தாழ 50 டெசிபெல் கீழே இருக்கும்; அதாவது இலட்சத்தில் ஒரு பங்கு. நேராக வெட்டப்பட்டுக் காற்றில் நிற்கும் முனையோ விழும் ஒளியில் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. அது 14 டெசிபெல் மட்டுமே கீழே. இரண்டுக்கும் இடையே சுமார் நாலாயிரம் மடங்கு வேறுபாடு. அந்த நாலாயிரம் மடங்கைப் பார்த்த உணரி, அடுத்த கணமே ஒரு பங்கைச் சரியாக அளக்க வேண்டும் என்றால் அதனால் முடியாது. நண்பகல் வெயிலில் கல் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு உள்மண்டபத்துக்குள் நுழைந்தவருக்குத் தூண்டாமணி விளக்கின் வெளிச்சம் உடனே கண்ணுக்குப் பிடிபடாது அல்லவா, அதுபோல. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கண் பழகச் சற்று நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் ஒளி இழையில் கடந்துவிடும் தொலைவுதான் டெட் ஜோன் என்று கையேடுகள் சொல்லும் குருட்டுப் பகுதி.

பல்ஸின் அகலமும் இதில் சேர்கிறது. இழைக்குள் ஒளி ஒரு மைக்ரோநொடியில் சுமார் 204 மீட்டர் போகிறது; போய்த் திரும்ப வேண்டும் என்பதால், 1 மைக்ரோநொடி பல்ஸ் திரையில் ஏறத்தாழ 100 மீட்டரை அடைத்துக்கொள்ளும். 100 நானோநொடி என்றால் 10 மீட்டர். 10 நானோநொடி என்றால் 1 மீட்டர். 10 மைக்ரோநொடி என்றால் ஒரு கிலோமீட்டர். உங்கள் 280 மீட்டர் மேட்டில் 100 மீட்டர் பல்ஸுக்கு உரியது. எஞ்சியது உணரி தெளிந்து எழுவதற்கு எடுத்துக்கொண்டது. மேடு எல்லா இழைகளிலும் இருப்பது அது இயல்பானது என்று காட்டுகிறதே தவிர, அதன் அடியில் எல்லா இழைகளும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று காட்டவில்லை.

கருவியின் விளம்பரத் தாளில் ‘ஈவென்ட் டெட் ஜோன் 0.8 மீட்டர், அட்டெனுவேஷன் டெட் ஜோன் 4 மீட்டர்’ என்பதுபோல் எண்கள் இருக்கும். முதலாவது, எதிரொளிக்கும் இரண்டு இடங்களைத் தனித்தனி ஊசிகளாகப் பிரித்துக் காட்டத் தேவையான இடைவெளி; ஊசியின் உச்சியிலிருந்து 1.5 டெசிபெல் கீழே அதன் அகலத்தை அளந்து சொல்வார்கள். இரண்டாவது, ஊசி எழுந்த இடத்திலிருந்து கோடு மீண்டும் சிதறல் மட்டத்துக்கு அரை டெசிபெல் நெருக்கத்தில் வந்து சேரும் வரையிலான தொலைவு. ஓர் இடம் இருக்கிறது என்று தெரிய முதலாவது போதும்; அங்கே எவ்வளவு இழப்பு என்று அளக்க இரண்டாவதைத் தாண்டியாக வேண்டும். மேலும் அந்த எண்கள் மிகக் குறுகிய பல்ஸுக்கும், சுத்தமான நல்ல கனெக்டருக்கும் சொல்லப்பட்டவை. அழுக்கான கனெக்டரில் 1 மைக்ரோநொடி பல்ஸ் போட்டுவிட்டு 4 மீட்டரை எதிர்பார்க்க முடியாது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 1550-இல் கிலோமீட்டருக்கு 0.20 என்று வைத்தால் இழைக்கு 3.7, ஒன்பது ஜாயின்ட்களுக்குத் தலா 0.05 வைத்தால் 0.45, இரண்டு பிக்டெயில் இணைப்புகளுக்கு 0.1, இரண்டு முனைக் கனெக்டர்களுக்கு 0.8. கூட்டினால் 5 டெசிபெல். மற்ற 21 இழைகளும் அதைத்தான் காட்டின. ஓடிடிஆர் சொன்ன 4.1 என்பது மேட்டுக்கு அப்பால் தொடங்கி இறுதி ஊசிக்கு முன் முடியும் பகுதிக்கு மட்டும் உரியது. அதில் முதல் கனெக்டரும் இல்லை, கடைசிக் கனெக்டரும் இல்லை, பிக்டெயில்களும் இல்லை. ஆகவே வெளியில் மண்ணுக்கடியில் கிடக்கும் 18 கிலோமீட்டரும் நன்றாக இருக்கிறது. தேட வேண்டியது ஏதாவது ஒரு முனையின் சில மீட்டர்களில்தான். தயவுசெய்து எந்த ஜாயின்ட்டையும் திறக்காதீர்கள்.

எந்த முனை என்பதற்கு உங்கள் கையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. ஐந்தாம் இழையின் கோட்டையும் நன்றாக வந்த நான்காம் இழையின் கோட்டையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். ஐந்தாம் இழையின் கோடு 300 மீட்டரிலேயே நான்காவதைவிடச் சுமார் 3 டெசிபெல் கீழே தொடங்கினால், ஒளி மேட்டுக்குள்ளேயே தொலைந்துவிட்டது. குற்றவாளி தென்காசி முனை. இரண்டும் ஒரே மட்டத்தில் தொடங்கினால் கடையநல்லூருக்குப் போங்கள். அத்துடன் 1310-இலும் பவர் மீட்டரில் அளந்து சொல்லுங்கள். அந்த எண் கிடைத்தால் நோயின் பெயரையே சொல்லிவிடலாம்.

மாடிவீட்டு மோடம்:

இதே உரையாடலில் என் ஐயத்தையும் கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்கவும். நாங்கள் வீடுகளுக்கு ஜிபான் இணைப்பு, அதாவது ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் இணைப்பு, தருகிறோம். அலுவலகப் பக்கம் ஓடிடிஆர் மாட்டினால் 32 கிளைப் பிரிப்பான் வரை தெரிகிறது. அதற்கு அப்பால் எந்த வீட்டின் குறையையும் பிரித்தறிய முடியவில்லை. இதுவும் டெட் ஜோன்தானா?

நொய்யல்:

ஒரு பகுதி அதுதான். இன்னொரு பகுதி வேறு. 32 கிளைப் பிரிப்பானில் ஏறத்தாழ 17 டெசிபெல் இறங்குகிறது. அவ்வளவு ஆழத்துக்குக் கோடு சட்டென்று விழும்போது உணரி தெளியவும் நேரம் எடுக்கிறது. விழுந்த பின் சிதறல் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. மீட்கலாம் என்று பல்ஸை அகலப்படுத்தினால், வீட்டுக்குள் போகும் 30 மீட்டர் டிராப் கேபிள் முழுவதும் ஒரே பல்ஸுக்குள் மறைந்துவிடும். இதற்கு மேல், 32 வீடுகளின் சிதறலும் ஒன்றாகக் கலந்துதான் உங்கள் கருவிக்கு வருகிறது. சம தொலைவில் உள்ள இரண்டு வீடுகளை அந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க வழியே இல்லை.

வீட்டுப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி அளவிடுங்கள். அப்போது குறுகிய பல்ஸ் போதும். டிராப் கேபிளும் வீட்டுக் கனெக்டரும் தெளிவாகத் தெரியும். மற்ற சந்தாதாரர்கள் இணைப்பில் இருப்பதால் 1650 நானோமீட்டரும் வடிகட்டியும் உள்ள கருவியையே பயன்படுத்துங்கள். ஜிபான் கீழ்நோக்கி 1490-லும் மேல்நோக்கி 1310-லும் பேசுகிறது. ஒளி ஓடிக்கொண்டிருக்கும் இழையில் 1310 துடிப்பை அனுப்பினால் அந்தக் கிளையில் உள்ள அனைவருக்கும் இடைஞ்சல், வடிகட்டி இல்லாத உங்கள் கருவிக்கும் ஆபத்து.

குற்றாலச்சாரல்:

நொய்யல் ஐயா சொன்னபடி செய்தேன். நான்காம் இழையின் மேல் ஐந்தாம் இழையை வைத்துப் பார்த்தபோது, தொடக்கத்திலிருந்தே 3 டெசிபெல்லுக்குச் சற்று அதிகமாகக் கீழே கிடந்தது. கடைசி வரை இரண்டும் இணைகோடுகளாகவே போயின. இதை எத்தனையோ முறை திரையில் பார்த்தும் ஒப்பிடத் தோன்றவில்லை. 1310-இல் பவர் மீட்டர் 8.6 டெசிபெல் காட்டுகிறது. 1310-இல் இயல்பாகவே இழப்பு அதிகம் என்பதால் இந்த எண் நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

பழையலைன்மேன்:

தம்பி, நொய்யல் சொன்ன கணக்கை 1310-க்கும் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 0.34 வைத்தால் இழைக்கு 6.26, ஜாயின்ட்டும் பிக்டெயிலும் கனெக்டரும் முன்போலவே 1.35; மொத்தம் 7.6. நீங்கள் அளந்தது 8.6. ஆக 1310-இல் கூடுதல் 1 டெசிபெல். 1550-இலோ கூடுதல் 3.3 டெசிபெல். ஒரே இடத்துக் குறை, அலைநீளம் மாறியதும் இப்படி மும்மடங்காகிறது என்றால் அங்கே இழை வளைந்து நெரிகிறது என்று பொருள். அழுக்கோ, கனெக்டர் சரியாகப் பொருந்தாததோ இரண்டு அலைநீளங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தின்னும். வளைவு மட்டும் நீண்ட அலைநீளத்தைத் தேடித் தின்னும்; 1550-இல் ஒளி மையக் கண்ணாடிக்குள் இறுக்கமாக நிற்காமல் வெளியே பரவி நிற்பதால், வளைவில் முதலில் சிந்துவது அதுதான். 1625-இல் அளந்தால் இன்னும் மோசமாக இருக்கும். அதனால்தான் பராமரிப்பில் இருப்பவர்கள் 1625-ஐ விரும்புகிறார்கள். வளைவு வளரும்போதே அது காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் எண்களில் வளைவு மட்டும் இல்லை என்றும் தோன்றுகிறது. 1310-இல் ஒரு டெசிபெல் கூடுவதற்கு வளைவு மட்டுமே காரணம் என்றால் 1550-இல் இன்னும் பெரிதாகக் கூடியிருக்க வேண்டும். கொஞ்சம் அழுக்கும் சேர்ந்திருக்கலாம். முதலில் கனெக்டரை நுண்ணோக்கியில் பாருங்கள், துடையுங்கள், மறுபடியும் பாருங்கள். துடைத்ததாலேயே சுத்தமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். வேட்டி நுனியில் துடைத்துவிட்டு வந்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

அடுத்து, ஒரு லாஞ்ச் கேபிளை எங்கிருந்தாவது இரவல் வாங்குங்கள். அதன் நீளம் நீங்கள் பயன்படுத்தும் பல்ஸின் குருட்டுப் பகுதியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே விதி. 1 மைக்ரோநொடிக்கு 500 மீட்டர் போதும். 10 மைக்ரோநொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். கருவியின் வாயில் எழும் மேடு அந்த 500 மீட்டருக்குள் அடங்கிவிடும். உங்கள் பெட்டியின் முதல் கனெக்டர் தெளிந்த நிலத்தில் வந்து நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் கோடு இருப்பதால் இழப்பை அளக்க முடியும். மறுமுனையிலும் இதேபோல் ஒன்றை மாட்டினால்தான் கடைசிக் கனெக்டரின் இழப்பு தெரியும். இல்லாவிட்டால் கோடு அங்கே அதலபாதாளத்தில் விழுந்து முடிந்துவிடும். கனெக்டர் வகையையும் கவனியுங்கள். பச்சை நிற ஏபிசி முனை 8 டிகிரி சாய்த்துத் தேய்க்கப்பட்டது. நீல நிற யுபிசியோடு அதைச் சேர்த்தால் நடுவே காற்று இடைவெளி விழும். இல்லாத குறையை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள்.

6.1 கிலோமீட்டர் ஏற்றத்தைப் பற்றி. ஜாயின்ட் ஒளியைக் கூட்டித் தராது. உங்கள் மேற்பார்வையாளரின் கேலி நியாயமானதே. ஓடிடிஆர் அளப்பது ஒளியை அல்ல, திரும்பி வரும் சிதறலை என்பதை நினைவில் வைத்தால் இது விளங்கும். ஒரே வகை இழையிலும் ஒளி பரவி நிற்கும் விட்டம் டிரம்முக்கு டிரம் சற்று மாறும், 1310-இல் 9.2 மைக்ரோமீட்டர் என்றால் அதில் 0.4 கூடவோ குறையவோ தரக்குறிப்பே இடம் தருகிறது. ஜாயின்ட்டுக்கு அப்பால் உள்ள இழையின் விட்டம் குறைவாக இருந்தால், அது சிதறிய ஒளியில் அதிகப் பங்கைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். கோடு மேலே ஏறும். கடையநல்லூர் முனையிலிருந்து அதே ஜாயின்ட்டைப் பார்த்தால் உண்மையைவிட அதிக இழப்பு காட்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் அந்த ஜாயின்ட்டின் உண்மையான இழப்பு. அங்கிருந்து 0.22 வந்தால், 0.22-லிருந்து 0.08-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள், 0.07. நல்ல ஜாயின்ட். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு 0.22 இருக்கிறதே என்று நல்ல ஜாயின்ட்டை வெட்டி, ஐந்து முறை மறுபடி மறுபடி இணைத்து, இழையின் மிச்ச நீளத்தையே தீர்த்துவிட்ட குழு ஒன்றை நான் அறிவேன். அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

கரிசல்மண்:

மேலே சொன்னதோடு ஒன்று: பெட்டிக்குள் வளைவைத் தேடும்போது சிவப்பு ஒளி காட்டும் பேனாக் கருவியை மறக்காதீர்கள். பிக்டெயிலும் அதன் இணைப்பும் கனெக்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும். 10 நானோநொடி பல்ஸ் போட்டாலும், லாஞ்ச் கேபிள் இருந்தாலும், கனெக்டரின் குருட்டுப் பகுதி அந்த ஒன்றரை மீட்டரை விழுங்கிவிடும். கனெக்டர், இணைப்பு, வளைவு மூன்றும் சேர்ந்து ஒரே படியாகத்தான் தெரியும். அங்கே சிவப்பு ஒளியே துணை. முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம்; 1550 கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒளி இல்லை என்று எண்ணிவிடுவதே ஆபத்து.

குற்றாலச்சாரல்:

நண்பர் ஒருவரிடம் 500 மீட்டர் லாஞ்ச் கேபிளை இரவல் வாங்கி இன்று அளந்தேன். 10 நானோநொடி பல்ஸில், 500 மீட்டரில் ஒரு ஊசியும் அதையடுத்து ஒரு படியும் தெரிகின்றன. படியின் இறக்கம் 1550-இல் 3.7 டெசிபெல், 1310-இல் 1.4 டெசிபெல். பழையலைன்மேன் ஐயாவின் கணக்கோடு இது பொருந்துகிறது என்று நினைக்கிறேன். ஆனால் சரியாக 1000 மீட்டரில் இன்னொரு சிறிய ஊசி புதிதாக முளைத்திருக்கிறது. அங்கே கனெக்டரும் இல்லை, ஜாயின்ட்டும் இல்லை. முதல் ஜாயின்ட்டே திரையில் இரண்டரை கிலோமீட்டரில்தான் வருகிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

நொய்யல்:

அது பேய் ஊசி. ஆங்கிலக் கையேடுகளும் அதைப் பேய் என்றே சொல்கின்றன. 500 மீட்டரில் உள்ள அழுக்குக் கனெக்டர் பலமாகத் திருப்பி அனுப்பிய ஒளி, கருவியின் வாயில் உள்ள கனெக்டரில் பட்டு மறுபடியும் இழைக்குள் போய், மறுபடியும் 500 மீட்டரில் பட்டுத் திரும்புகிறது. இரண்டு சுற்று ஆனதால் கருவி அதை 1000 மீட்டர் என்று குறித்துவிட்டது. உண்மையான குறை என்றால் ஊசிக்குப் பின் கோடு ஒரு படி இறங்கியிருக்கும். பேய்க்குப் பின் கோடு முன்பிருந்த மட்டத்திலேயே தொடரும். சரியான இரு மடங்குத் தொலைவில் வருவதும் அதன் அடையாளம். கனெக்டரைத் துடைத்தால் அடங்கிவிடும்.

பழையலைன்மேன்:

படியின் எண்களையும் பிரித்துப் பாருங்கள். 3.7-க்கும் 1.4-க்கும் இடையே 2.3. அந்த வேறுபாடு முழுவதும் வளைவுக்கே உரியது. துடைத்த பின் இரண்டு எண்களும் ஒரே அளவு குறைந்து, நடுவில் உள்ள 2.3 மட்டும் மாறாமல் நின்றால், எஞ்சியது வளைவுதான் என்று அடித்துச் சொல்லலாம்.

குற்றாலச்சாரல்:

அப்படியே நடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது முனையின் நடுவிலேயே தூசும், விரல் எண்ணெய்போல் ஒரு படலமும் இருந்தன. இரண்டு முறை துடைத்த பிறகுதான் தெளிந்தது. அதன்பின் படி 1550-இல் 3.0, 1310-இல் 0.7 என்று இறங்கியது, 2.3 வேறுபாடு அப்படியே நின்றது. 1000 மீட்டர் ஊசியும் மறைந்தது.

பிறகு லாஞ்ச் கேபிளைக் கழற்றிவிட்டுச் சிவப்பு ஒளியைச் செலுத்தினேன். இணைப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்ப்ளைஸ் தட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. நீலக் குழாயின் இழைகளைச் சுற்றி அடுக்கும்போது மூன்று இழைகள் தட்டின் மூடி உட்காரும் பிடிக்கு அடியில் போய் மாட்டியிருக்கின்றன. அவற்றில் சாம்பல் நிற இழை மிகச் சிறிய வளைவாகத் திரும்பி, அந்த இடம் குங்குமப்பொட்டு வைத்ததுபோல் சிவந்து ஒளிர்ந்தது. அந்தத் தட்டை அடுக்கியவன் நான்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன். மூடியைத் திறந்து வைத்து அளந்திருந்தால் இழப்பே தெரிந்திருக்காது, மூடியபோதுதான் நெரிந்திருக்கிறது.

இழைகளை விடுவித்து, விரல் நுழையும் அளவுக்குப் பெரிய சுற்றாக மறுபடி அடுக்கி, மூடியை மூடிய பிறகு பவர் மீட்டரில் அளந்தேன். ஐந்தாம் இழை 1550-இல் 5.0, 1310-இல் 7.6.

பழையலைன்மேன்:

விரல் நுழையும் அளவு போதாது தம்பி. ஜி.652 இழைக்கு ஆரம் 30 மில்லிமீட்டரை ஒட்டியே வையுங்கள். தட்டின் ஓரச் சுவர் அதற்காகத்தான் அந்த அளவில் வார்க்கப்பட்டிருக்கிறது. ஜி.657.ஏ2 இழை ஏழரை மில்லிமீட்டர் வரை தாங்கும் என்பதைக் கேட்டுவிட்டு எல்லா இழைகளையும் அப்படிச் சுருட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இன்று 5.0 காட்டும் இழை, வெயிலில் பெட்டி சூடாகித் தட்டு சற்று நெளிந்தால் 5.4 காட்டும்.

குற்றாலச்சாரல்:

திருத்திக்கொள்கிறேன் ஐயா; நாளை மறுபடியும் திறந்து ஓரச் சுவரை ஒட்டிச் சுற்றிவிடுகிறேன். 6.1 கிலோமீட்டர் ஜாயின்ட்டைக் கடையநல்லூர் முனையிலிருந்தும் பார்த்தேன். 0.20 காட்டியது, சராசரி 0.06. மேற்பார்வையாளரிடம் தாளில் எழுதிக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றில் இரண்டு இழைகள் சரியாகிவிட்டன. வெள்ளை நிற ஆறாம் இழை மட்டும் இன்னும் 5.9-இல் நிற்கிறது. ஏற்கத்தக்க எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் மற்றவற்றைவிட 0.9 அதிகம். 1310-இலும் அதே 0.9 கூடுதலாக வருவதால் வளைவு அல்ல என்று தெரிகிறது. தென்காசி முனையில் அதன் கோடு நான்காம் இழையோடு ஒரே மட்டத்தில் தொடங்குகிறது. லாஞ்ச் கேபிளைத் திருப்பிக் கொடுக்கும் முன், அதையே கடையநல்லூரில் ரிசீவ் கேபிளாக மாட்டிப் பார்க்கப் போகிறேன். நுண்ணோக்கியும் பையில் இருக்கிறது.